ஒரு கையொப்பத்தின் விலை

கையொப்பம் இடுவது எளிது. பேனாவை எடுத்தால் இரண்டு நொடியில் முடிந்துவிடும். வகுப்பிலும் விடுதியிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் எத்தனையோ தாள்களில் நாம் கையொப்பம் இடுகிறோம். அத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? படித்த பின், இது என் மனத்திற்கு ஒவ்வாது என்று தாளைத் திருப்பிக் கொடுப்பவர் எத்தனை பேர்?

இவ்வாண்டு இங்கிலாந்து வரலாற்றுப் பாடத்தில் டியூடர் மன்னர் காலத்தைப் பற்றி வகுப்பில் ஒரு கட்டுரை படிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பாடநூலில் சர் தாமஸ் மூருக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை இரண்டே வரிகள். உட்டோபியா என்னும் நூலை எழுதியவர். எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததால் 1535இல் தலை வெட்டப்பட்டவர். தேர்வுக்கு அது போதும். ஆனால் நூலகத்தில் அவருடைய வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, எனக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய நினைவு மேலெழுந்து என்னை வருத்தத் தொடங்கியது. அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் கத்தோலிக்கன் அல்லன். போப்பாண்டவரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்னும் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும் மனச்சான்று எல்லா மதத்தார்க்கும், மதம் இல்லாதவர்க்கும் பொதுவானது. அந்த ஒன்றிற்காகவே இந்த மனிதரைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

இளமையும் இல்லறமும்

தாமஸ் மூர் 1478ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் மில்க் தெருவில் பிறந்தார். தந்தை ஜான் மூர் ஒரு வழக்கறிஞர். பின்னாளில் நீதிபதியாகவும் உயர்ந்தவர். பெரியோர் இல்லத்தில் பணிவிடை செய்து ஒழுக்கம் பழகுவது அக்கால வழக்கம். அவ்வாறே மூரும் சிறு வயதில் பேராயர் ஜான் மார்ட்டனின் மாளிகையில் சேர்க்கப்பட்டார். கிறிஸ்துமஸ் நாளில் அங்கே நாடகம் நடக்கும்பொழுது, இச்சிறுவர் திடீரென நடிகர்களிடையே புகுந்து, ஒத்திகை ஏதுமின்றித் தமக்கென ஒரு வேடத்தைப் புனைந்துகொண்டு நடிப்பாராம். நகைச்சுவை அவருடன் பிறந்தது. அவர் இறக்கும் வரை அவரை விட்டுப் பிரியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கற்றார். மகன் சட்டம் பயில வேண்டும் என்று தந்தை விரும்பியதால், 1496இல் லண்டனில் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். சட்டம் பயின்றுகொண்டே கார்த்தூசியன் துறவிகளின் மடத்தருகே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தங்கி, அவர்களுடைய வழிபாட்டிலும் நோன்பிலும் பங்கு கொண்டார். துறவியாகிவிடலாமா என்று நெடுநாள் எண்ணிப் பார்த்து, இல்லறமே தமக்கு ஏற்றது என்று முடிவு செய்தார். ஆனால் துறவிகளிடம் கற்ற ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. பிற்காலத்தில் பட்டாடையும் பொற்சங்கிலியும் அணிந்து அரசவைக்குச் சென்ற நாள்களிலும், உள்ளே உடம்பை உறுத்தும் முரட்டு மயிராடை ஒன்றை அணிந்திருந்தார். மூத்த மகள் மார்கரெட் மட்டுமே அதனை அறிவார். அவர்தாம் அதனை மறைவாகத் துவைத்துக் கொடுப்பார்.

அவருடைய திருமணத்தைப் பற்றி மருமகன் வில்லியம் ரோப்பர் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறார். கோல்ட் என்பவரின் புதல்வியருள் இளையவளையே மூர் முதலில் விரும்பினாராம். மூத்தவள் இருக்க இளையவளை மணப்பது மூத்தவளுக்குத் தலைகுனிவாகும் என்று எண்ணி, மூத்தவளான ஜேனையே மணந்தாராம். இவர்களுக்கு மூன்று பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். 1511இல் ஜேன் இறந்துவிட, குழந்தைகளை வளர்க்க ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்தார். பெண் கல்வி என்ற பேச்சே இல்லாத காலத்தில் தம் பெண்களுக்கு மகனுக்கு இணையாக இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மார்கரெட், பேரறிஞர் எராஸ்மஸ் இலத்தீனில் எழுதிய நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிடும் அளவுக்குப் புலமை பெற்றார். அந்த எராஸ்மஸ் மூரின் உயிர் நண்பர். மூரின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் மடமையைப் புகழும் தம் புகழ்பெற்ற அங்கத நூலை எழுதினார்.

நேர்மை தவறா நீதிபதி

1510இல் மூர் லண்டன் நகரின் துணை ஷெரீப் ஆனார். வழக்குகளை விரைந்தும் நடுநிலையோடும் தீர்ப்பவர் என்று பெயர் பெற்றார். 1516இல் உட்டோபியா வெளிவந்தது. இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூல் எங்கும் இல்லாத ஒரு தீவைக் கற்பனை செய்கிறது. அங்கே தனியுடைமை இல்லை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர உழைப்பு போதும். செல்வர்கள் கம்பளி வணிகத்திற்காக விளைநிலங்களை ஆட்டுப் பட்டிகளாக வளைத்துக்கொண்டு உழவரைத் துரத்திவிட்டு, பின் வயிற்றுக்காகத் திருடும் அதே உழவரைத் தூக்கிலிடும் இங்கிலாந்தை அந்நூல் கடுமையாகச் சாடுகிறது. உட்டோபியாவில் ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைப் பின்பற்றலாம்; பிறரை அறிவுரையால் மாற்ற முயலலாம்; வன்முறையால் மாற்றலாகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு நாம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

மன்னர் எட்டாம் ஹென்றி அறிஞர்களை விரும்பியவர். மூரைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். 1521இல் சர் பட்டம், 1523இல் மக்களவைத் தலைவர் பதவி, 1529 அக்டோபரில் உல்சி வீழ்ந்தபோது லார்டு சான்சலர் பதவி என்று மூர் உயர்ந்துகொண்டே சென்றார். அரச முத்திரைக்கும் நாட்டின் நீதிக்கும் பொறுப்பான பெரும் பதவி அது.

அப்பதவியில் அவர் நடந்துகொண்ட முறைக்குச் சில செய்திகள் சான்று. மாமனார் பெரும் பதவியில் இருந்தும் தமக்கு ஒரு பயனும் இல்லையே என்று ஒரு மருமகன் குறைப்பட்டுக்கொண்டபோது, தம் தந்தை ஒருபுறமும் சாத்தான் மறுபுறமும் வழக்காட வந்து, சாத்தானின் பக்கம் நியாயம் இருந்தால் தீர்ப்பு சாத்தானுக்கே என்று மூர் விடை கூறினாராம். மற்றொரு மருமகனின் வழக்கில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ஒரு வழக்கில் வென்ற கைம்பெண் ஒருத்தி புத்தாண்டுப் பரிசாக ஒரு சோடிக் கையுறையையும், அதனுள் 40 பவுன் பெறுமான பொற்காசுகளையும் வைத்துக் கொடுத்தாள். ஒரு பெண்மணி தரும் பரிசை மறுப்பது நாகரிகம் அன்று என்று கையுறையை மட்டும் வைத்துக்கொண்டு பொன்னைத் திருப்பிக் கொடுத்தார்.

மன்னர் அவர் மீது கொண்டிருந்த அன்பும் பெரிது. செல்சியில் இருந்த மூரின் வீட்டிற்கு முன்னறிவிப்பின்றி வந்து உணவருந்தி, அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு தோட்டத்தில் உலவுவார். அதைக் கண்டு மருமகன் ரோப்பர் பூரித்துப் போனார். மூரோ, தம் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால் மன்னர் அத்தலையைக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்தார். அதிகாரத்தின் தோழமையை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மன்னரின் மணவிலக்கு

ஹென்றி 1509இல் மணந்த அரசி கேதரின், அவருடைய இறந்துபோன அண்ணன் ஆர்தரின் மனைவி. ஆண் வாரிசு இல்லை. மேரி என்னும் மகள் மட்டுமே எஞ்சினாள். மன்னரின் மனமோ ஆன் பொலின் மீது சென்றது. அண்ணன் மனைவியை மணந்தது இறைவன் சட்டத்திற்கு முரண், ஆகவே அத்திருமணம் செல்லாது என்று அறிவிக்குமாறு போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்டை மன்னர் வேண்டினார். ஆண்டுகள் பல கடந்தும் அவர் இசையவில்லை. முடிவில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமையை மன்னரே எடுத்துக்கொண்டார். 1532 மே 15ஆம் நாள் ஆயர்கள் மன்னருக்குப் பணிந்தனர். மறுநாளே மூர் அரச முத்திரையை மன்னரிடம் ஒப்படைத்துப் பதவி விலகினார்.

அவர் எதிர்ப்புக் கூட்டம் நடத்தவில்லை. மணவிலக்கை எதிர்த்து ஒரு வரியும் வெளியிடவில்லை. வீட்டிற்குச் சென்று வாய் மூடி இருந்தார். வருவாய் சுருங்கியது. குளிர்காலத்தில் விறகு வாங்க வழியின்றி, காய்ந்த பெரணிச் செடிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவரச் செய்து, உறங்குமுன் அவற்றை எரித்துக் குளிர் காய்ந்தது அக்குடும்பம். 1533 ஜூன் முதல் நாள் ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா நடந்தது. விழாவுக்குப் புத்தாடை வாங்கிக்கொள்ளுமாறு ஆயர்கள் சிலர் மூருக்கு 20 பவுன் அனுப்பினர். பணத்தை வைத்துக்கொண்டார்; விழாவுக்குச் செல்லவில்லை. அந்த வெற்றிடம் மன்னர் கண்ணை உறுத்தியது.

உறுதிமொழி

1534ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது. ஆன் பொலினின் பிள்ளைகளே முடிக்கு உரியவர் என்றும், இதனை ஏற்று எல்லாரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஏப்ரல் 13ஆம் நாள் மூர் லாம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். பேராயர் கிரான்மர், சான்சலர் ஆட்லி, மன்னரின் செயலாளர் தாமஸ் கிராம்வெல் முதலியோர் அங்கே அமர்ந்திருந்தனர். மூர் சட்டத்தையும் உறுதிமொழியையும் வாங்கி, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு அமைதியாகப் படித்தார். பின்னர், யார் முடிசூட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை நாடாளுமன்றத்திற்கு உண்டு, அதற்கு மட்டும் உறுதி கூறத் தடையில்லை. ஆனால் தாளில் எழுதியுள்ளபடி கூறினால் தம் ஆன்மாவுக்கே கேடு என்றார்.

அப்பொழுது ஒரு நீண்ட பட்டியலை அவரிடம் காட்டினர். உறுதிமொழி ஏற்ற பிரபுக்கள், மக்களவை உறுப்பினர்கள் ஆகியோரின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அதிலும் அவர் மசியவில்லை. மனம் மாறுமா என்று பார்க்க அவரை வெளியே காத்திருக்கச் செய்தனர். சாளரத்தின் வழியே கீழே தோட்டத்தைப் பார்த்தார். உறுதிமொழி கூற வந்த குருமார்கள் சிரித்துப் பேசியபடி உலவிக்கொண்டிருந்தனர்.

மீண்டும் அழைத்தபோது கிரான்மர் ஒரு கூரிய வாதத்தை எடுத்து வைத்தார். உறுதிமொழி எடுத்தவர்களைப் பழிக்கமாட்டேன் என்கிறீர். எனவே அது தவறு என்பதில் உமக்கே ஐயம் இருக்கிறது. மன்னருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதிலோ ஐயம் இல்லை. ஐயமானதை விட்டு உறுதியானதைப் பற்றிக்கொள்வதே அறிவுடைமை. இவ்வாறு அவர் வாதிட்டார். மூரே ஒரு கணம் திகைத்துப்போனதாகப் பின்னர் மகளுக்கு எழுதினார். ஆனாலும் அவர் தெளிந்துகொண்டார். பிறரைப் பழிக்காதது பிறர் மனத்தை அறிய முடியாமையால். தம் மனம் எது என்பதிலோ அவருக்கு ஐயமே இல்லை. பிறர் மனச்சான்றை அவர்களிடமே விட்டுவிடுவதும், தம் மனச்சான்றைத் தாமே காப்பதும் முரணான செயல்கள் அல்ல. ஏப்ரல் 17ஆம் நாள் அவர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

பன்னிரண்டாவது ஜூரர்

சிறையில் அவரை மிகவும் சோதித்தவர் எதிரிகள் அல்லர். அன்பு மகள் மார்கரெட்தான். இறைவன் சட்டம் இடம் தரும் அளவுக்கு என்ற சொற்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தாமே உறுதிமொழி எடுத்துவிட்டிருந்தார். இத்தனை ஆயர்களும் அறிஞர்களும் செய்ததைத் தந்தையும் செய்தால் என்ன என்று கண்ணீரோடு கேட்டார். மகள் செய்ததை மூர் ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. அதற்கு விடையாக ஒரு கதை சொன்னார்.

ஒரு சந்தை வழக்கில் பன்னிரண்டு ஜூரர்கள். பதினொருவர் ஓர் ஊர்க்காரர்கள். தங்கள் ஊரானுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல விரைகின்றனர். பன்னிரண்டாமவன் வேறு பகுதியைச் சேர்ந்த எளியவன். அவனுக்கு அது நியாயமாகப் படவில்லை. தோழமைக்காக எங்களோடு சேர்ந்துகொள் என்று மற்றவர்கள் அவனை நெருக்குகின்றனர். அவன் கேட்கிறான்: நாம் எல்லாரும் இறந்து இறைவன் முன் நிற்கும்போது, மனச்சான்றின்படி நடந்ததற்காக உங்களை விண்ணகத்திற்கும், மனச்சான்றுக்கு மாறாக நடந்ததற்காக என்னை நரகத்திற்கும் அவர் அனுப்புவாரே; அப்பொழுது தோழமைக்காக என்னோடு நரகத்திற்கு வாருங்கள் என்று அழைத்தால் உங்களில் எவரேனும் வருவீர்களா?

இக்கதையைப் படித்த அன்றுதான் நான் முதலில் குறிப்பிட்ட அந்த நினைவு என்னை வந்து பற்றியது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது நான் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அங்கே சமையல் வேலை பார்த்த முதியவரை நாங்கள் தாத்தா என்றே அழைப்போம். ஒருநாள் இருப்பறையில் இரண்டு மூட்டை அரிசி குறைந்தது. அவர்தாம் விற்றுவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. அன்றிரவே ஒரு மனு எழுதப்பட்டு அறை அறையாக வந்தது. என் கைக்கு வந்தபோது அதில் முப்பதுக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. அவர் திருடியதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் யார் என்றும் கேட்கவில்லை. எல்லாரும் இட்டிருக்கிறார்கள், நானும் இட்டேன். பெரியவர் மறுநாளே தம் துணிமூட்டையோடு போய்விட்டார். ஒரு மாதம் கழித்து, கடைக்காரர் இரண்டு மூட்டையைக் குறைவாக இறக்கிவிட்டுப் பட்டியலில் முழுக் கணக்கு எழுதியிருந்தது தெரிய வந்தது. அதைப் பற்றி விடுதியில் எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மௌனமும் வழக்கும்

மூரின் சிறை வாழ்க்கை பதினைந்து திங்கள் நீடித்தது. அவருடைய உணவுக்கும் பணியாளின் உணவுக்கும் குடும்பத்தாரே வாரம் 15 ஷில்லிங் கட்ட வேண்டும். மனைவி ஆலிஸ் தம் உடைகளை விற்று அத்தொகையைக் கட்டினார். அவர் சிறைக்கு வந்தபோது, அழகிய வீடும் நூலகமும் தோட்டமும் இருக்க, எலிகளோடு இங்கே கிடப்பானேன் என்று நொந்துகொண்டார். விண்ணகத்திற்குச் செல்சி வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுதானே இச்சிறையிலிருந்தும் என்று மூர் மெல்லக் கேட்டார். ஆலிஸுக்கு அந்த விடை பிடிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மனச்சான்றுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியை வீட்டிலுள்ளோர் தாமும் கட்ட நேரிடுகிறது.

1534 நவம்பரில் மன்னரே திருச்சபையின் தலைவர் என்று சட்டம் வந்தது. அப்பட்டத்தைத் தீய நோக்கத்தோடு சொல்லால் மறுப்பதும் தேசத்துரோகம் என்று மற்றொரு சட்டம் வந்தது. மூர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. பேசாதிருந்தார். தற்கொலை போல வலிய உயிரை விட அவர் விரும்பவில்லை. சட்டம் அறிந்தவராதலால் சட்டத்தின் நிழலில் இயன்றவரை உயிரைக் காத்துக்கொள்ளவே முயன்றார். 1535 ஜூன் 12ஆம் நாள் ரிச்சர்டு ரிச் என்னும் அரசு வழக்கறிஞர், மூரின் நூல்களையும் தாளையும் எடுத்துச் செல்ல வந்தவர்களோடு வந்து பேச்சுக் கொடுத்தார். எழுதுகோல் பறிக்கப்பட்ட பின் மூர் கரித்துண்டால் எழுதினார்.

ஜூலை முதல் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்களுள் ஆன் பொலினின் தந்தை, உடன்பிறந்தவர், தாய்மாமனாகிய நார்ஃபோக் கோமகன் ஆகியோரும் இருந்தனர். மௌனம் குற்றமாகாது, சட்டத்தின் கண்ணில் மௌனம் சம்மதத்திற்கே அறிகுறி என்று மூர் வாதிட்டார். அப்பொழுது ரிச் சாட்சிக் கூண்டேறி, மன்னரைத் திருச்சபைத் தலைவராக்க நாடாளுமன்றத்தால் இயலாது என்று மூர் தம்மிடம் கூறியதாகச் சத்தியம் செய்தார். மூர் அதனை அடியோடு மறுத்தார். இத்தனை காலம் மன்னரிடமே சொல்லாத கருத்தை நம்பத்தகாத இம்மனிதரிடம் சொல்லியிருப்பேனா என்று கேட்டார். உடனிருந்த இருவரோ நூல்களைக் கட்டுவதில் முனைந்திருந்ததால் காதில் விழவில்லை என்று நழுவிவிட்டனர். ஜூரர்கள் கால்மணி நேரத்தில் குற்றவாளி என்றனர். அந்தப் பன்னிருவரில் கதையில் வந்த எளியவனைப் போன்ற ஒருவனும் இல்லை.

தீர்ப்பு வந்த பின்னரே மூர் தம் கருத்தை வெளிப்படச் சொன்னார். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உலகத் திருச்சபை முழுவதற்கும் எதிராகச் சட்டம் செய்ய இயலாது என்றார். தீர்ப்பளித்தவர்களிடம் அவர் பகை காட்டவில்லை. மறுமையில் எல்லாரும் மகிழ்வோடு சந்திக்க வேண்டும் என்று வாழ்த்தினார். சிறைக்குத் திரும்பும் வழியில் மார்கரெட் காவலரை விலக்கிக்கொண்டு ஓடிவந்து தந்தையைத் தழுவிக்கொண்டார். சில அடி சென்ற பின் மீண்டும் ஓடிவந்து தழுவினார். கண்டவர் கண்கள் கலங்கின.

ஜூலை 6ஆம் நாள் கொலைமேடை ஆட்டம் கண்டிருந்தது. ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்குவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காவல் அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். மன்னருக்கு நல்ல ஊழியனாகவும், அதற்கு முன் இறைவனுக்கு ஊழியனாகவும் இறப்பதாக அறிவித்தார். லண்டன் பாலத்தில் நட்டுவைக்கப்பட்ட தலையை மார்கரெட் மீட்டு, தம்மிடம் வைத்துக்கொண்டார்.

நல்லவர்க்கு வெற்றியும் தீயவர்க்குத் தோல்வியும் என்று கதைகள் முடியும். வரலாறு அப்படி முடியவில்லை. கிராம்வெல் 1540இல் அதே மன்னரால் தலை வெட்டப்பட்டார். கிரான்மர் 1556இல் மேரியின் ஆட்சியில் எரிக்கப்பட்டார். ஆனால் பொய்ச் சத்தியம் செய்த ரிச், பின்னாளில் மூர் அமர்ந்த அதே சான்சலர் ஆசனத்தில் அமர்ந்து, 1567 வரை செல்வராக வாழ்ந்தார். மனச்சான்றின்படி நடந்தால் ஊதியம் கிடைக்கும் என்று எண்ணுவோர் இதையும் படிக்க வேண்டும்.

ஒரு களங்கம்

இவ்வளவோடு நிறுத்தினால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். மூர் சான்சலராக இருந்த காலத்தில் சமயக் கொள்கை வேறுபாட்டிற்காக 6 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் மூவரின் வழக்கில் மூருக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பர் வரலாற்றாசிரியர். 1531இல் ஜான் டியூக்ஸ்பரி என்னும் தோல் வணிகர் எரிக்கப்பட்டதை மூர் எழுத்தில் நியாயப்படுத்தினார். தம் வீட்டில் அவர்களை அடித்துத் துன்புறுத்தியதாக எழுந்த குற்றச்சாட்டை 1533இல் மறுத்து எழுதினார். ஆனால் எரிக்கும் சட்டத்தை அவர் மறுக்கவில்லை.

அந்தத் தோல் வணிகருக்கும் ஒரு மனச்சான்று இருந்தது அன்றோ? உட்டோபியாவில் வன்முறை கூடாது என்று எழுதிய கை, நாட்டு வாழ்வில் அதனை மறந்தது ஏன்? சமயப் பிளவு நாட்டைக் கலகத்தில் ஆழ்த்தும் என்று அவர் அஞ்சினார். அக்காலத்தில் இரு தரப்பினரும் அவ்வாறே நம்பினர். இது காரணம் ஆகலாம், சமாதானம் ஆகாது. சிறைக்கு வெளியே இருந்தபோது அவர் காணாத ஒன்றைச் சிறைக்குள் கண்டிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் மனச்சான்றில் தலையிடமாட்டேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இறுதி இரண்டாண்டுகளில்தான்.

மனச்சான்று என்பது யாது?

மனம் போன போக்கில் நடப்பதா மனச்சான்று? கத்தோலிக்கச் சிந்தனை அன்று என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் இதனை இரு படிகளில் விளக்கினார். தவறான மனச்சான்றாயினும் அதற்கு மாறாக நடப்பது குற்றம். ஏனெனில் தீயது என்று தான் நம்புவதையே ஒருவன் செய்கிறான். ஆனால் மனச்சான்றின்படி நடந்துவிட்டதால் மட்டும் ஒருவன் குற்றமற்றவன் ஆகிவிடான். அறிந்திருக்க வேண்டியதைச் சோம்பலால் அறியாதிருந்தால், அந்த அறியாமைக்கும் அவனே பொறுப்பு. மூர் மன்னரின் மணம் பற்றிய கேள்வியில் பல ஆண்டுகள் நூல்களைப் புரட்டி ஆராய்ந்த பின்னரே முடிவுக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டில் ஜான் ஹென்றி நியூமன், மனச்சான்றின் உரிமை அதன் கடமையிலிருந்து பிறப்பது என்றும், தன் விருப்பத்திற்கு அப்பெயர் சூட்டுவது ஏமாற்று என்றும் 1875இல் விளக்கினார். அந்நூலை அவர் எழுதியது அக்கால நார்ஃபோக் கோமகனுக்கு. மூரின் மீது தீர்ப்புச் சொன்ன கோமகனின் வழித்தோன்றல் அவர்.

மூர் இறந்து 430 ஆண்டுகள் கழிந்த பின், 1965 டிசம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. பொது ஒழுங்குக்கு உட்பட்டு, சமயத்தில் எவரையும் மனச்சான்றுக்கு மாறாக நடக்கக் கட்டாயப்படுத்தலாகாது. மனச்சான்றின்படி நடப்பதைத் தடுக்கவும் கூடாது என்று அது அறிவித்தது. அவ்வறிக்கை மூரையும் காக்கிறது. அந்தத் தோல் வணிகரையும் காக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை மூரை 1935இல் புனிதராக அறிவித்தது. அவரைக் கொன்ற மன்னர் தோற்றுவித்த இங்கிலாந்துத் திருச்சபையும் 1980 முதல் தன் நாட்காட்டியில் அவரை நினைவு கூர்கிறது.

நம் தமிழ்ச் சொல்லையே எண்ணிப் பாருங்கள். மனச்சான்று, மனச்சாட்சி என்கிறோம். சாட்சி என்பவன் நீதிபதி அல்லன், கண்டதைச் சொல்பவன். தனக்கு வேண்டியபடி நிகழ்ச்சியை அவன் மாற்றலாகாது. காணாததைக் கண்டதாகச் சொல்லலாகாது. ரிச் செய்தது அதுதான். விடுதியில் நான் செய்ததும் அதுதான்.

முடிவாக

வகுப்பில் கட்டுரை படித்து முடித்த வாரம், அந்தப் பெரியவரின் ஊரை விசாரித்துக்கொண்டு போனேன். ஊர்க்கோடியில் பேரப்பிள்ளைகளோடு இருந்தார். என் பெயர் அவருக்கு நினைவில்லை, முகம் நினைவிருந்தது. மனுவில் நானும் கையொப்பம் இட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, நீ மட்டுமா தம்பி போட்டாய், எல்லாரும்தானே போட்டார்கள் என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எல்லாரும் இட்டது உண்மைதான். ஆனால் அந்த முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களுக்குக் கீழே என் பெயரை எழுதியது என் கை. அதனை வேறு எவரும் எனக்காக எழுதவில்லை. அதற்கு வேறு எவரும் எனக்காக விடை சொல்லவும் இயலாது. உரிமை என்று நாம் முழங்குவதன் மறுபக்கம் இதுவே.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நீதிமன்றங்களிலும் அமரப் போகிறோம். கையொப்பத்திற்காகத் தாள்கள் வரும். மேலே பல பெயர்கள் இருக்கும். மூரைப் போல் உயிரைக் கொடுக்கும் நிலை நமக்கு வாராதிருக்கட்டும். தாளை வாங்கி, அமைதியாக, முழுவதும் படிக்கும் துணிவாவது நமக்கு இருக்கட்டும்.